இளவரசியின் நாற்காலிக்குப் பின்னால்

என் தம்பி பாபு ஒரு துரோகி. இதைவிட நாகரிகமான வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எனக்கு ராஜ குடும்பங்கள் என்றால் பைத்தியம். நம் ஊர் ராஜாக்கள் இல்லை, ஐரோப்பா ராஜாக்கள். யாருக்கு யார் நாத்தனார், எந்த இளவரசி எந்தக் கல்யாணத்துக்கு எந்தத் தொப்பி போட்டாள், எல்லாம் அத்துப்படி. (என் ஓரகத்தி மகன் என்ன படிக்கிறான் என்று கேட்காதீர்கள்.) கூடுவாஞ்சேரியில் மாவு மெஷின் வைத்திருப்பவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாளில்லை.

பாபு மாமல்லபுரத்தில் டாக்ஸி ஓட்டுகிறான். ஐரோப்பாவில் சொந்தக் கோட்டை வைத்திருக்கிற பிரபு வீட்டுப் பையன் ஒருவன், மாமல்லபுரத்திலேயே ஒரு கடற்கரை ரிசார்ட்டில் கல்யாணம் வைத்தான். அவனை வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போனதில் பாபு சிநேகமாகிவிட்டான். என் பைத்தியத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறான். எனக்கும் அழைப்பு வந்தது.

மாப்பிள்ளையின் பெரியத்தை நிஜமான இளவரசி! அவரோடு சரிசமமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒரு போட்டோ எடுத்து மெஷினில் மாட்ட வேண்டும். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. முழங்காலை மடக்கி வணக்கம் சொல்லவும் பழகினேன். மிளகாய்த்தூள் அரைக்க வந்தவர்கள் மூட்டு வலியா என்று விசாரித்தார்கள்.

அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே பாபு சொன்னான்: "அக்கா, நீ முன்னாடி போய் எடம் புடி. நான் வண்டிய வுட்டுட்டு வந்துகினே கீறேன். வுட்டா அவ்ளோதான், சோறு கெடைக்காது."

உள்ளே எல்லா மேசையும் நிரம்பியிருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. நம் கல்யாணங்களில் என்ன செய்வோம்? சாப்பிடுகிறவர் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்போம், அவர் எழுந்ததும் உட்காருவோம். அதைத்தான் செய்தேன். பிடித்தது இளவரசியின் நாற்காலி. அடுத்த பந்தியில் இளவரசி உட்கார்ந்த இடத்திலேயே சாப்பாடு! வேறென்ன வேண்டும்?

அந்தம்மா எழுந்தால்தானே. சூப் வந்தது, மீன் வந்தது, பிறகு இன்னதென்றே தெரியாத ஏதோ வந்தது. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன், பாதிகூடக் காலியாகவில்லை. கால் மாற்றி நின்றேன். இருமினேன். நாற்காலியைக்கூட லேசாக ஆட்டினேன். அவர் திரும்பாமலே சால்வையை என் கையில் கொடுத்தார். பிறகு கைப்பையை. பிறகு மீன் முள்ளோடு தட்டை.

சூப்பர்வைசர் ஒருவன் பறந்து வந்து, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒரு தண்ணீர்க் கூஜாவை என் கையில் திணித்தான். அந்த ரிசார்ட்டில் பரிமாறும் பெண்களுக்கெல்லாம் அரக்குப் பட்டுதான் சீருடை என்று அப்போதுதான் கவனித்தேன்.

"இன்னாம்மா, சும்மா நின்னுகினு கீற? அந்தம்மாவுக்குத் தண்ணி ஊத்து!"

"நான் கெஸ்ட்டுப்பா."

"ஆமா, நான் மாப்ளயோட சித்தப்பா. ஊத்தும்மா, பேஜாரு பண்ணாத."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கூஜாவை அவன் தலையிலேயே கவிழ்த்திருக்க வேண்டும். ஆனால் இளவரசியின் கிளாஸ் காலியாக இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஊற்றினேன். (ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.)

நிமிர்ந்தால், எதிர் மேசையில் பாபு! கேக் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அதன் முன்னால் என் பெயர் எழுதிய அட்டை. அங்கே ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டு இடம் வைப்பார்களாம். தொப்பியெல்லாம் தெரிந்துவைத்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

"ஏண்டா என்னைக் கூப்பிடல?"

"நீ ஆசையா வேல செஞ்சுகினு இருந்தக்கா. எதுக்கு டிஸ்டர்ப் பண்ணணும்னு வுட்டுட்டேன்." அவன் தின்றது என் கேக்.

போட்டோ வந்தது. மாப்பிள்ளையே அனுப்பினான். இளவரசி சிரிக்கிறார், பின்னால் நான் கூஜாவோடு நிற்கிறேன். என் வீட்டுக்காரர் அதைப் பெரிதாக்கி மெஷினில் மாட்டிவிட்டார். இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்தில் பந்தி ஆரம்பித்தாலும், "அந்தம்மாவுக்குத் தண்ணி ஊத்து!" என்று யாராவது கத்துகிறார்கள்.

அடுத்த மாதம் திருப்போரூரில் பாபு மகளுக்குக் காதுகுத்து. சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், மைக்கும் இருக்கும். டேய் பாபு, என் பெயர் போட்ட நாற்காலி உன் பக்கத்திலேயே இருந்ததா இல்லையா? ஒரு குரல் கொடுக்க உனக்கு என்ன கேடு? மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் பதில் சொல். சொல்கிறவரை நீ எந்த இலையில் உட்கார்ந்தாலும் உன் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்பேன். எனக்கு நின்று பழக்கமுண்டு.