கனமான துகள் வளையாது, சார்!

எனக்கு ஒரு வியாதி உண்டு. பாதி தெரிந்ததை முழுத் தொண்டையில் சொல்லிவிடுவேன். மீதிப் பாதி, சொல்லி முடித்த பிறகுதான் நிதானமாக நினைவுக்கு வரும்.

நெல்லித்தோப்பில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர் வேலைக்கு டெமோ கிளாஸ் எடுக்கப் போனபோது அந்த வியாதி முற்றியிருந்தது. அதற்கு முன் போன பள்ளிகள் எல்லாம் 'சொல்லி அனுப்புறோம்' என்று அனுப்பிவைத்தவை. இதுவும் போனால் அத்தை மகனின் ஜெராக்ஸ் கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். அம்மாவோ வேலை கிடைத்துவிட்டதாகவே ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். (வியாதி யாரிடமிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.)

பாடம், சீரான மின்புலத்தில் மின்னூட்டத் துகளின் இயக்கம். கரும்பலகையில் இரண்டு தட்டை வரைந்து, நடுவே வளைகோடு போட்டுவிட்டு வந்திருக்கலாம். நான்தான் மேதையாயிற்றே! டெமோ நடந்த ஹால் முன்பு மில் குடோனாக இருந்தது. கழுவிய தண்ணீர் வடிவதற்காகத் தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். தாழ்ந்த பக்கத்தில் சுவரோரமாகத் தண்ணீர் தேங்கிய ஒரு கால்வாய்.

"இந்தச் சரிவுதான் நம்ம மின்புலம். எங்க நின்னாலும் ஒரே அளவுதான் இழுக்கும்" என்றேன், மேட்டுப் பக்கம் நின்ற பிள்ளைகளிடமும் பி.டி. சாரிடமும். பாதியாக அறுத்த பிளாஸ்டிக் குழாயைச் சாய்த்து வைத்து, அதன் வழியாக ஒரு டென்னிஸ் பந்தைக் குறுக்கே விட்டேன். முதலில் நேராகப் போனது. போகப்போகத் தாழ்ந்த பக்கமாக வளைந்து, அழகான பரவளையம் போட்டு, அங்கே உட்கார்ந்திருந்த, பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட்டின் கால் கட்டைவிரலைச் செல்லமாக முட்டி நின்றது. (ஹாலில் சரஸ்வதி படம் இருந்ததால் எல்லோரும் செருப்பை வெளியே விட்டிருந்தோம்.)

கரஸ்பாண்டென்ட் எங்கே போனாலும் அடியில் உருளை வைத்த அவருடைய ஆபீஸ் நாற்காலியும் கூடவே வரும். வேறு நாற்காலியில் உட்கார மாட்டார். சரிவில் அது ஓடிவிடாமல் இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றியபடி, "பிரமாதம்மா! துகள் கனமா இருந்தா?" என்று கேட்டார்.

"வேகமும் மின்னூட்டமும் அதேதான்னா, கனமானது கம்மியாதான் வளையும் சார்."

"செஞ்சி காட்டேன். எங்கப்பாவோட பெத்தாங் பந்து அலமாரில கெடக்குது."

அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். கடற்கரைப் பக்கம் பெரியவர்கள் இரும்புப் பந்தை வீசி ஆடுவார்களே, அந்தப் பந்து. கையில் வாங்கியதும் என் மணிக்கட்டு இறங்கியது.

"நான் கொஞ்சம் தள்ளிக்கட்டுமா?"

"வேணாம் சார், அசையாதீங்க. இது நேரா அந்த எதிர்ச்சுவருக்குப் போயிடும். கண்டிப்பா!" என்று அதே குழாயில் விட்டேன்.

மின்புலத்தில்தான் நிறை கூடினால் வளைவு குறையும். சரிவில் இழுப்பது புவியீர்ப்பு. கனம் கூடினால் அதன் இழுவையும் கூடிவிடுவதால் கனமானதும் லேசானதும் ஒரே மாதிரிதான் வளையும். இது எனக்குத் தெரியாததல்ல. பந்து பாதி தூரம் போனபோது தெளிவாக நினைவுக்கு வந்தது.

"சார், காலு!" என்று கத்தினேன்.

"எந்தக் காலு?" என்று குனிந்தார்.

அதே கால். அதே கட்டைவிரல். "ஐயோ!" என்று இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கினார். நாற்காலியை அதுவரை நிறுத்தி வைத்திருந்தது அந்தக் கால்கள்தானே! அது அவரைச் சுமந்துகொண்டு கால்வாய்வரை போய், அங்கே கவிழ்ந்தது.

பி.டி. சாரும் பிள்ளைகளும் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். எனக்கோ கண்ணுக்குள் ஜெராக்ஸ் மிஷின் பச்சை வெளிச்சம் அடித்தது. அப்போது முன்னால் நின்ற ஒரு பெண், "மிஸ், சரிவுல எடையப் பாக்காதுல்ல? மின்புலத்துலதான பாக்கும்?" என்றாள்.

"அதேதான்! அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான்..." என்று கூசாமல் ஆரம்பித்தேன்.

சொட்டச் சொட்ட நின்ற கரஸ்பாண்டென்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு என் காலா கெடச்சிது?" என்றார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "இனிமே இந்தக் கேள்விய ஒரு புள்ளையும் தப்பா எழுதாது. திங்கக்கெழம வந்து சேரும்மா. உருளுற எதையும் தொடாத" என்றார்.

இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். கதை மட்டும் எனக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று மாலை வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி மழ வராது, கண்டிப்பா" என்றேன். சோபாவில் இருந்த அப்பா, அம்மா, என் வீட்டுக்காரர் மூவரும் ஒன்றாகக் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்கள்.