திரேசம்மா வீட்டில் என்ன காணோம்?

"காணும் அண்ணை, காணும்" என்று திரேசம்மா கையை ஆட்டியதும், ஜோசப்ராஜ் அரிசிப் பையைத் தரையில் வைத்துவிட்டுப் பதறினார்.

"இன்னாம்மா காணோம்?"

"இல்லை அண்ணை, காணும்!"

திரேசம்மா தொண்ணூறில் மன்னாரிலிருந்து படகில் வந்தவள். வழியில் கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு அண்ணனூரில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தாள். பட்டறைத் தொழிலாளியான ஜோசப்ராஜ், மனைவி இறந்தபின் மாதா கோயில் உதவிக் குழுவில் சேர்ந்தவர். ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் அந்த வீட்டுக்கு அரிசி கொண்டு போகிறார். அன்றுதான் முதன்முறையாக அவள் வாங்கவில்லை.

திருட்டு என்று முடிவு செய்தார். மறுநாளே ஒரு பூட்டும், போனதற்கு ஈடாக இரண்டு போர்வையும் கொண்டு வந்தார்.

"ஐயோ, காணும் அண்ணை!"

"அதுக்குள்ள இன்னொண்ணும் பூடுச்சா?"

பக்கத்துக் குடித்தனங்களில் விசாரித்தார். "எங்களத் திருடங்கன்றியா?" என்று எல்லம்மா சீறினாள். அன்று முதல் தண்ணீர்க் குழாயில் திரேசம்மாவின் குடத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

வேறு வழியில்லாமல், தெரிந்த போலீஸ்காரர் ஒருவரை அழைத்து வந்தார்.

காக்கியைக் கண்டதும் பிள்ளைகள் பாய்ச்சுருளுக்குப் பின்னால் ஒடுங்கினார்கள். சின்னவள் பாவாடையை நனைத்துவிட்டாள். திரேசம்மா கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. "நாங்கள் ஒண்டும் செய்யேல்லை ஐயா!"

"இன்னாம்மா காணோம்? அத்தச் சொல்லு" என்றார் போலீஸ்காரர்.

பெரியவள்தான் விக்கி விக்கிச் சொன்னாள். "காணும் எண்டா... போதும் எண்டு அர்த்தம்."

போலீஸ்காரர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே போனார். ஜோசப்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஈரப் பாவாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மாலை குழுச் செயலாளர் சகாயமேரியிடம் போனார்.

"என்ன மாத்திடு மேரிம்மா. இனிமே அந்த ஊட்டுப் பக்கம் போவ எனக்கு மூஞ்சி இல்ல. ஒத்தாச பண்ணத் தெரிஞ்சவனா பாத்து அனுப்பு."

சகாயமேரி உதவிப் பதிவேட்டைப் புரட்டினாள்.

"யாரயும் அனுப்ப வேணாம் அண்ணே. தையல் வேல கெடச்சிடுச்சு, உதவி போதும்னு அது போன வாரமே எழுதிக் குடுத்துடுச்சு. காத்தால கூட வந்து சொல்லிட்டுப் போச்சு: 'அரிசியை நிப்பாட்டுங்கோ, அண்ணையை நிப்பாட்டாதேங்கோ. மனுசி செத்த மனுசன், பாவம். நாங்கள் இல்லாட்டி அவருக்கு ஆரு இருக்கினம்?'"