மொட்டைப்பாறைக்கு நிரை பிரித்த கங்காணி

நீலகிரியில் உள்ள பாறைகளையெல்லாம் தேயிலை நட மறந்துபோன இடங்கள் என்று நம்பும் ஒரே மனிதர் எங்கள் பந்தலூர் கங்காணிதான்.

இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் இங்கே வந்து, எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்களை விரட்டியே ஓய்வு பெற்றவர். அவருடைய விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை மலையேற்றக் கோஷ்டிக்கு அவரே தலைவர். யாரும் நியமிக்கவில்லை. விசில் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து வீட்டில் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் போலத்தான் நடத்தினார்கள். தண்ணீர்க் குடத்தைத் தொட்டாலே மனைவி பதறுவாள். மலையேறலாம் என்று டாக்டர் சொல்லியும் அவள் நம்பவில்லை. ஒரு தடவையாவது மொட்டைப்பாறை உச்சிக்குப் போய், நானும் ஒரு ஆள்தான் என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் கோஷ்டியில் சேர்ந்தேன்.

மொட்டைப்பாறை செங்குத்தான கருங்கல். இடப்பக்கம் சுற்றிக்கொண்டு நல்ல பாதை போகிறது, ஆடுகள்கூட அதில்தான் ஏறும். கங்காணிக்கு அது பிடிக்காது. காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பதுபோல எங்களை அடிவாரத்தில் வரிசையாக நிறுத்தி, தேயிலைச் செடி வரிசையைப் பங்கு வைப்பதுபோல ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்தார்.

"கொழுந்து பறிக்கிற மாதிரி, அவங்கவங்க நெறயில நேரா ஏறணும். அடுத்தவன் நெறயில கால் வச்சா அரப்பேருதான்!"

அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். எங்களுக்குச் சம்பளமே கிடையாது. இருந்தாலும் பயந்தோம்.

கோஷ்டியில் இருந்த பேக்கரிக்காரருக்குப் படிக்கட்டு மாதிரி ஒரு நிரை வாய்த்தது. வாத்தியாருக்குப் பிடித்து ஏறப் புதர்கள் இருந்தன. எனக்கு வழவழவென்று ஒரு சுவர்.

"ஏனுங்க கங்காணி, இதுல எப்படிங்க ஏறுறது?"

"ஒங்க நெறக்கு என்னா சார் கொற? ஒரு களை இருக்கா பாருங்க!"

கையும் காலுமாகத் தவழ்ந்து பாதி தூரம் போய் மாட்டிக்கொண்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. உச்சிக்குப் போய்விட்ட பேக்கரிக்காரர், "கேரளா வரைக்கும் தெரியுதுங்க!" என்று கத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கங்காணி, என்னைய எப்படியாச்சும் எறக்கி விட்ருங்க. நெஞ்சு வேற இப்படி இருக்குதுங்க."

பதிலுக்குக் காது கிழிய விசில் ஊதினார்.

"மேல போனவங்கல்லாம் எறங்கி வாங்க! சாரு நெற பாக்கி நிக்குது!"

எஸ்டேட்டில் ஒருத்தி பின்தங்கினால், முடித்தவர்கள் வந்து அவள் நிரையிலும் கை போடுவார்களாம். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் முனகிக்கொண்டே இறங்கினார்கள். பேக்கரிக்காரர் கையைப் பிடித்து இழுக்க, வாத்தியார் காலைத் தாங்க, கங்காணி பின்னாலிருந்து தள்ளினார்.

"நெஞ்சுல கம்பிதான வச்சிருக்கு? கட்டடத்துக்கே கம்பி வச்சாத்தான் ஒறுதி. ஏறுங்க சார்!"

உச்சியை அடைந்தபோது மூடுபனி வந்து கேரளாவையும் பந்தலூரையும் சேர்த்து மூடிவிட்டது. பக்கத்தில் நின்றவர் மூக்குகூடத் தெரியவில்லை. எனக்கு மட்டும் முழுப்பேர், மற்றவர்களுக்கு அரைப்பேர் என்று கங்காணி அறிவித்தார். வாத்தியார் கொதித்துப் போனார்.

"மொதல்ல ஏறுனது நாங்கதானுங்க!"

"அவர விட்டுட்டுத்தான ஏறுனீங்க?"

வீட்டில் இன்றும் என்னிடம் மெதுவாகத்தான் பேசுகிறார்கள். என்னை வாய் நிறையத் திட்டுவதற்கு கங்காணி ஒருவர்தான் இருக்கிறார். போன ஞாயிறு காய்ச்சல் என்று அவர் வரவில்லை. எனக்குப் பாறைக்குப் போக மனமில்லை. அவர் வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "வேலைக்குப் போகாம இங்க என்னா சார் பண்றீங்க?" என்று ஒரு அதட்டல் போட்டார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.