பந்தயக் காருக்கு வாழைமரக் கட்டு

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. கிள்ளானில் இருபது வருடமாகக் கேட்டரிங் நடத்துகிறேன். மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கைப் பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோனவள் என்ற தலைக்கனம் வேறு. அதனால்தான் தம்பி தினேஷ், "அக்கா, ஒன்னோட பிக்கப்புல என் காரை இழுத்துட்டுப் போலாமா?" என்று கேட்டபோது, "இதென்ன பெரிய விஷயம் லா" என்றேன்.

அது பந்தயக் கார். நேர்கோட்டில் பறப்பதற்கென்றே நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி அவன் கட்டியது. மூக்கு மட்டுமே ஓர் ஆள் நீளம், அதுவும் அப்பளம் மாதிரி மெல்லிய ஃபைபர். திறந்த டிரெய்லரில் ஏற்றியதும் அந்த மூக்கு வெளியே நீண்டு என் பிக்கப்பை எட்டிப் பார்த்தது. மதியம் செமினிப் பக்கம் அவனுடைய முதல் பந்தயம்.

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று ஆரஞ்சு நிறப் பெல்ட்டுகளால் காரை டிரெய்லரோடு இறுக்கிவிட்டு, "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிக் குளிக்கப் போனான். (யாரும் என்றால் அதில் அக்காவும் சேர்த்தி என்று எனக்கு எப்படித் தெரியும்?)

நான் எலுமிச்சம்பழத்தோடு வந்தேன். பழம் நசுக்காமல் புது வண்டி கிளம்பலாமா? டிரெய்லர் டயரில் வைத்தால் புண்ணியம் டிரெய்லருக்குத்தான் போகும். ஓடப்போவது மேலே இருப்பதல்லவா? நாலு பழத்தையும் கார் டயர்களுக்கு முன்னால் வைத்தேன். கார் நகர்ந்தால்தானே நசுங்கும்?

"வேணாம்மா" என்றார் என் கணவர்.

"நீங்க தள்ளுங்க, போதும்."

பின் பெல்ட் இரண்டையும் அவிழ்த்தேன். அவர் தள்ள, கார் ஒரு சாண் உருண்டு பழங்கள் நசுங்கின. மனசு குளிர்ந்தது. பெல்ட்டைத் திரும்ப இறுக்கத்தான் தெரியவில்லை. தம்பியைக் கூப்பிட்டால் மானம் போகும். கல்யாண வாசலில் வாழைமரம் கட்டும் கயிறு பிக்கப்பில் கிடந்தது. நான் கட்டிய மரம் ஒன்றாவது சாய்ந்ததுண்டா? அதே கட்டைப் போட்டு, முடிச்சை மாலையால் மறைத்தேன். (வாழைமரம் எதுவும் நெடுஞ்சாலையில் போனதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.)

மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத தம்பி, வண்டி கிளம்பியதும் என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். கூட்டரசு நெடுஞ்சாலையில் பிரேக் போடும்போதெல்லாம் கண்ணாடியில் அந்த மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. பிரமை என்று விட்டுவிட்டேன். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஜன்னலோரம் வந்து, "ஆன்டி, பின்னால கார் ஊஞ்சல் ஆடுது" என்றார். (ஆன்டியாம்.) முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெட்டாலிங் ஜெயா நெரிசலில் முன்னால் போன லோரி சட்டென்று நின்றது. நானும் நின்றேன். தம்பியின் கார் மட்டும் நிற்கவில்லை.

டொக்.

ஓரங்கட்டினோம். மூக்கின் நுனி பிளந்து என் பிக்கப்பில் முட்டிக்கொண்டு நின்றது. தினேஷ் பின்னால் போய் மாலையை விலக்கினான். கயிற்றைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"யாருக்கா அவுத்தது?"

"எலுமிச்சம்பழம்..." என்றேன்.

அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவனுடைய நாலு வருடத்தை நாலு பழத்துக்காக உடைத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு ஒட்டும் டேப்பை எடுத்து நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு எழுந்து முழுச் சுருளையும் மூக்கில் சுற்றினான். 'சூடாக உள்ளது, கவனம்' என்று டேப் முழுக்க அச்சடித்திருந்தது. பெல்ட்டுகளை அவனே இறுக்கினான். யாரும் சொல்லாமலே நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் சுற்றிலேயே தோற்றான். ஆனாலும் கார் அந்த ஒட்டுப்போட்ட மூக்கோடு நேராக ஓடிக் கோட்டைத் தாண்டியது. இறங்கி வந்தவனுக்கு வாயெல்லாம் பல்.

போன வருடம் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் என் மகள் கல்யாணம். வாசல் வாழைமரங்களை நானேதான் கட்டினேன். புடவை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், இரண்டு மரத்தின் இடுப்பிலும் ஆரஞ்சு நிறப் பெல்ட். பக்கத்தில் பட்டு வேட்டியில் தாய்மாமன்.

"அக்கா கட்டுனது லா. ஒரு சேஃப்டிக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆல்பத்தில் வாசல் படம் எல்லாவற்றிலும் அந்தப் பெல்ட் இருக்கிறது. போன மாதம் சம்பந்தியம்மா போன் செய்தார். "எங்க சின்னவனுக்கும் கல்யாணம் வெச்சிருக்கோம். ஒங்க வழக்கத்துல வாழைமரத்துக்கு ஆரஞ்சு பெல்ட் கட்டுவீங்களே, அது எங்க கெடைக்கும்?"

தம்பியின் நம்பரைக் கொடுத்தேன்.