வயல் எலிதானா?

வயலில் பிடித்துக் கூண்டோடு கொண்டுவந்த எலிகளில் ஒன்றின் வால் பாதியில் அறுந்திருந்ததுதான் லாமுக்கு வந்த முதல் சோதனை.

வால் உடம்பைவிடக் குட்டையாக இருந்தால் வயல் எலி; அடுப்பில் ஏற்றலாம். நீளமாக இருந்தால் வீட்டு எலி. மேகாங் ஆற்றுப் பக்கம் ஒருவரும் வாயில் வைக்க மாட்டார்கள். அறுந்த வாலை எப்படி அளப்பது?

போன அறுவடை விருந்தில், லாம் எலிக்கறியில் பெரிய துண்டாகப் பார்த்து ஆசையோடு வைத்த தட்டை அவன் மனைவி லுவா தள்ளிவிட்டு எழுந்தாள். மறுநாளே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சந்தையில் தோலுரித்து வாங்கியதில் வீட்டு எலி கலந்துவிட்டது என்று லாம் முடிவுகட்டினான். சாக்கடையில் புரண்டதைக் கட்டினவளுக்குப் பரிமாறிவிட்டோமே என்று நினைக்க நினைக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை தானே வயலில் பிடித்து, தானே சமைத்துக் கொண்டுபோய், அவளை அழைத்து வந்துவிட வேண்டும்.

"வயித்தப் பாருய்யா," என்றார் பக்கத்து வீட்டுத் தோய். "வெள்ளையா இருந்தா வயல் எலி."

"ஒரே சேறா இருக்குண்ணே."

"குளிப்பாட்டு."

குளிப்பாட்டினான். நனைந்ததும் எல்லாம் அண்ணன் தம்பிகள்போல் ஒரே சாயலாகிவிட்டன.

"அப்ப காத முன்னால மடிச்சுப் பாரு. கண்ண மறைச்சா வீட்டு எலி."

மடித்தான். எலி விரலைக் கவ்வியது. அவன் கையை உதற, கூண்டு கவிழ, அத்தனையும் சமையலறைக்குள் ஓடின. அங்கே ஏற்கெனவே குடியிருந்தவையும் மிரண்டுபோய் வெளியே வந்தன.

"இப்ப இதுல உள்ளூர் எது, வெளியூர் எது?" என்றார் தோய்.

"கொஞ்சம் சும்மா இருங்கண்ணே."

பகல் முழுக்க விரட்டிப் பிடித்தான். ஒவ்வொன்றாக வாலை அளந்து, வயிற்றைத் துடைத்து, கடி வாங்கிக்கொண்டே காதை மடித்துப் பார்த்தான். சந்தேகப்பட்டதையெல்லாம் ஒதுக்கியபின் தேறியவை கொஞ்சம்தான். அவற்றை எலுமிச்சைப்புல் போட்டு இளநீரில் வேகவைத்து, தூக்குச்சட்டியோடு படகேறினான்.

மாமியார் வீட்டு வாசலில் லுவாவின் தங்கை ஹான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவக் கூப்பிடும்மா. தப்பு என்னோடதுதான். இந்தத் தடவ ஒவ்வொண்ணையும் உத்து உத்துப் பாத்துட்டேன். வாலு, வயிறு, காது, எதையும் விடல. அத்தனையும் வயல் எலி."

ஹான் மூடியைத் திறந்து பார்த்தாள். துணி சுற்றிய அவன் விரல்களையும் பார்த்தாள்.

"அக்கா எலியே சாப்பிடமாட்டாளே, அத்தான். கல்யாணமானதுலேருந்து அவ தட்டுல நீங்க வைக்கிறதயெல்லாம் பக்கத்து வீட்டு நாய்தான் தின்னுக்கிட்டிருக்கு."