துடைக்காத துவாய்

மெத்துமெத்து இனத்தாரை உங்களுக்குக் கட்டாயம் தெரியும். துணியில் அழுக்குப் போனால் போதும் என்று நினைப்பது நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள். இவர்களுக்கு அது போதாது. துணி பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும், வாசம் தெருமுனை வரை போக வேண்டும், வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதை முகர்ந்து பார்த்து "அடேயப்பா!" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? முகர்ந்து பார்க்க இன்னொரு தலையணை உறை வரும்.

மாத்தளைப் பக்கம் பலாபத்வலையில் இந்த இனத்துக்குத் தலைவி மரிய கொறற்றி. துணியைக் கடைசியாக அலசும் தண்ணீரில், அதை மெத்தென்று ஆக்கும் சொஃப்ட்னர் ஒரு மூடி ஊற்றச் சொல்லிப் போத்தலில் எழுதியிருக்கிறது. "எழுதினவனுக்கு நம்ம ஊரு மழையப் பத்தி என்னா தெரியும்?" என்பார் கொறற்றி. வெயில் இல்லாததற்கு ஒரு மூடி, ஈரவாடைக்கு ஒரு மூடி, பக்கத்து வீட்டு மீன் பொரியலுக்கு ஒரு மூடி, கடைசியில் மாதா பேரைச் சொல்லி இன்னொன்று. பிறகு அலுமாரியில் துணிக்கு நடுவே கராம்பு. அந்த வீட்டுக்குப் போனால் தேத்தண்ணீர் வருவதற்கு முன்னால் தலையணை உறை வந்து உங்கள் மூக்கில் உட்காரும். "மோந்து பாருங்க, மோந்து பாருங்க!" மூக்கை மூடிக்கொண்டிருக்கும் துணியைப் பற்றி மனிதன் என்ன கருத்துச் சொல்ல முடியும்? மூச்சே விட முடியாது.

கணவர் லோரன்ஸ் த்ரீவீலர் ஓட்டுகிறவர். ஏறுகிறவர்கள் எல்லாம், "என்னா அண்ணே, கல்யாண வீட்டுக்குப் போறீங்களா?" என்று கேட்பார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். அவருடைய துன்பம் குளித்துவிட்டுத் துடைக்கும் துவாயில் இருந்தது. சொஃப்ட்னரில் ஊறி ஊறி மெத்தென்று ஆன துவாய் தண்ணீரைக் குடிக்காது. சேம்பிலை மாதிரி, முதுகில் இருப்பதை இடுப்புக்குத் தள்ளும், இடுப்பில் இருப்பதை முழங்காலுக்குத் தள்ளும், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை தைரியம் வந்து சொன்னார்.

"கொறற்றி, இது துடைக்குது இல்ல."

"யாரு தொடைக்கச் சொன்னா? நல்ல துவாயத் தொடைக்கக் கூடாது. ஒத்தணும்."

மறுநாளே லோரன்ஸ் மாத்தளைச் சந்தையில் ஒரு முரட்டுத் துவாய் வாங்கி, த்ரீவீலரின் பின் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தார். குளித்ததும், "ஒயில் பாத்துட்டு வர்றேன்" என்று சொட்டச் சொட்ட வண்டிக்குள் நுழைந்துவிடுவார். ஊர் பார்த்து வியந்தது. லோரன்ஸ் அண்ணனுக்கு வண்டி என்றால் உயிர்!

இனிமேல்தான் விஷயம். மாதா கோயில் துணிகளைத் துவைக்கும் பொறுப்பு ஐந்து வருஷமாகக் கொறற்றியிடம் இருந்தது. அந்த அம்மாளுக்கு ஊரில் இருந்த மரியாதை முழுவதும் அதில்தான். அதன் மேல் கண் வைத்திருந்தவர் பின் தெரு ஜெனிஸ்டா. துவைக்க வெறும் சவுக்காரம், காய வெறும் வெயில், அந்த இனம். இந்த வருஷம் ஜெஸ்டின் ஃபாதர் என்று புதியவர் வந்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் அவர், இயேசு சீடர்களுக்குச் செய்த மாதிரி, பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவித் துடைக்க வேண்டும். அதற்கென்று வாங்கிய புதுத் துவாய்கள் ஒரு வாரமாகக் கொறற்றி வீட்டு வாளியில் ஊறின. ஒரு போத்தல் முழுசாகக் காலி.

பன்னிரண்டு பேரில் லோரன்சும் ஒருவர். "இந்த ஒரு தடவ சும்மா தண்ணியில அலசிடேன்..." என்று ஆரம்பித்தார். கொறற்றி புதுப் போத்தலைத் திறந்து இன்னொரு மூடி ஊற்றினார்.

பூசை அன்று முதல் நாற்காலியில் இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த சவரியான் பெரியவர். ஃபாதர் தண்ணீர் ஊற்றினார். முழங்காலில் நின்று துடைத்தார். விரலில் இருந்த தண்ணீர் குதிகாலுக்குப் போனது. குதிகாலைத் துடைத்தார், விரலுக்குத் திரும்பி வந்தது. இரண்டாவது துவாய். மூன்றாவது துவாய். ஃபாதருக்கு வேர்த்துக் கொட்டியது, அதையும் அந்தத் துவாயாலேயே துடைத்தார், வேர்வையும் போகவில்லை. முன் வரிசையிலிருந்து கொறற்றி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்: "ஒத்துங்க ஃபாதர்! ஒத்துங்க!"

"சாமி, ஊத்துன தண்ணி அப்புடியே இருக்குங்க" என்றார் சவரியான், மிகவும் பணிவாக. கோயில் முழுவதும் கேட்டது.

ஜெனிஸ்டா இருந்த வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொறற்றியின் முகம் செத்துப் போயிற்று. ஏழாவது நாற்காலியிலிருந்து லோரன்ஸ் அதைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் பொண்டாட்டியின் ஐந்து வருஷ மரியாதை இன்றோடு சரி. எழுந்து போனால் மூன்று வருஷ ரகசியம் சரி. அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பதை அவர் யோசிக்க விரும்பவில்லை. பாவம், என்ன இருந்தாலும் பொண்டாட்டி அல்லவா? ஒற்றைக் காலில் செருப்போடு எழுந்து வெளியே ஓடினார். சீட்டைத் தூக்கினார். முரட்டுத் துவாயோடு திரும்பி ஓடி வந்து ஃபாதரின் கையில் கொடுத்தார்.

அரத்தால் தேய்த்த மாதிரி பன்னிரண்டு பேரின் காலும் காய்ந்தது.

பூசை முடிவில் ஃபாதர் கேட்டார்: "அருமையான துவாய். யார் வீட்டுது?"

லோரன்ஸ் வாயைத் திறந்தார். அதற்குள் கொறற்றி எழுந்து நின்றுவிட்டார். "எங்க வீட்டுத் துவாய்தாங்க ஃபாதர்! எல்லாம் நான் தொவைக்கிறதுதான்."

"அதுதானே பார்த்தேன்" என்றார் ஃபாதர். "அடுத்த வருஷமும் நீங்களே பாருங்க."

வீட்டுக்கு வந்தும் கொறற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. லோரன்சுக்கு நம்பவே முடியவில்லை; துவாயைப் பழையபடி சீட்டுக்கு அடியில் ஒளித்தார். தப்பித்தோமடா சாமி என்று இரண்டு நாள் குளிப்பதைக்கூட மறந்து பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினார். ஈஸ்டர் காலையில் குளித்துவிட்டு, "ஒயில் பாத்துட்டு வர்றேன்" என்று போய்ச் சீட்டைத் தூக்கினால், அடியில் ஒன்றும் இல்லை.

துவாய் கொடியில் தொங்கியது. வெள்ளைவெளேரென்று. புஸுபுஸுவென்று.

"கோயில்ல பேர் வாங்குன துவாய அப்புடி மொரடா விடலாமா?" என்றார் கொறற்றி, பெருமை தாங்காமல். "ஆறு மூடி ஊத்தி ரெண்டு நாள் ஊற வச்சேன். மோந்து பாருங்க."

லோரன்ஸ் முகர்ந்து பார்த்தார். "அடேயப்பா" என்றார். அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் ஊற்றுவது எத்தனை மூடி என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் குளித்துவிட்டு வருகிறவர் யாராவது ஃபேனுக்குக் கீழே அநியாயத்துக்கு நேரம் நிற்கிறாரா, திடீரென்று வண்டி மேல் பாசம் பொங்கி ஓடுகிறாரா என்று கொஞ்சம் கவனியுங்கள். அப்படியானால் அந்த வண்டிச் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஒரு முரட்டுத் துவாய் கிடந்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதை எடுத்து ஊற வைத்துவிடாதீர்கள்.