நீஸுக்குப் போகாத கருவாடு

பயந்த சுபாவம் உள்ளவனுக்கு மலிவு ரயில் ரிக்கெற் விற்கவே கூடாது. அதிலுள்ள நிபந்தனைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிவான். நான் திரிந்தேன்.

நீஸ் கடற்கரைக்குப் போவதாக ஒவ்வொரு கோடையும் வீட்டில் திட்டம் போடுவோம். ஒவ்வொரு கோடையும் நான்தான் குழப்புவேன். ஒரு வருஷம் ரயில்காரர் வேலைநிறுத்தம் செய்வார்களோ என்று பயம். இன்னொரு வருஷம், நாங்கள் இல்லாத நேரம் குழாய் உடைந்து கீழ்வீட்டுக்குத் தண்ணீர் ஒழுகுமோ என்று பயம். (ஒழுகவில்லை. நாங்களும் போகவில்லை.) இந்த முறை மனைவி சுகந்தி அகப்பையை நீட்டிச் சொல்லிவிட்டாள்.

“பிரான்சுக்கு வந்து இவ்வளவு காலம், கடலிலை ஒருக்காக் கால் நனைக்கேல்லை. இந்த முறையும் சாட்டுச் சொன்னியள் எண்டால் நானும் பிள்ளையும் போவம். நீங்கள் இருந்து குழாயைப் பாருங்கோ.”

லீசேயில் படிக்கும் மகள் அபி மலிவு ரயில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஆளுக்கு ஒரு சின்ன பாக் மட்டும். ரயிலைத் தவறவிட்டால் காசு திரும்பாது. நாங்களே சமைத்துச் சாப்பிட அடுப்போடு ஒரு அறையும் பிடித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை! கட்டிலில் குப்புறக் கிடந்து நீச்சல் அடித்துப் பார்த்தேன்.

“பப்பா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ” என்று அபி முதலில் பிரெஞ்சிலும், பிறகு எனக்கு ஏறவேண்டும் என்று தமிழிலும் சொன்னாள். அப்பனை அறிந்த பிள்ளை.

அளவான பாக் வாங்க, பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலுக்குப் போனேன். “என்ன அண்ணை, எங்கை பயணம்?” என்று கடைக்காரர் சும்மாதான் கேட்டார்.

“நீஸுக்கு!” என்றேன். ரூ பெர்தொனே தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சரசக்கா பார்சலோடு வந்து நின்றார். அவருடைய மகளுக்கு நீஸில் பிள்ளை பிறந்திருக்கிறது. “தம்பி, பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள். மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் வறுத்து இடிச்சது. பிள்ளை பெத்தவளுக்கு மாட்டன் எண்டு சொல்லப்படாது.”

சொல்லலாமா? எங்கள் ஆட்களில் பயணம் போகிறவன் பாதி தபால்காரன். அவருக்குப் பின்னால் நகைக்கடை அண்ணை, தம்பியாருக்குப் பனங்கிழங்கு ஒடியல்மா. அவருக்கும் பின்னால் முன்பின் தெரியாத ஒருவர், மச்சானுக்குக் கருவாடு. “மணக்காது அண்ணை, வடிவாச் சுத்தியிருக்கு.”

பாக் நிறைந்துவிட்டது. உடுப்புக்கு இடமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் எனக்கும் மூளை உண்டு. நிபந்தனை பாக்குக்குத்தானே, ஆளுக்கு இல்லையே! நீச்சல் காற்சட்டையில் தொடங்கி எல்லா உடுப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, நான் வேலை செய்யும் ரெஸ்ரோறண்டில் குளிர் அறைக்குள் போகப் போடுகிற ஜக்கெற். அதன் பொக்கற்றுகளில் கருவாடு. மாதம் யூலை.

“என்னப்பா, கடலுக்குப் போறமோ, பனி பார்க்கப் போறமோ?” என்றாள் சுகந்தி.

நாங்கள் இருக்கிற கார்ஜிலிருந்து பாரிஸ் வருவதற்குள்ளேயே நான் அவிந்துபோனேன். கருவாடும் சூடேறிச் சுயரூபம் காட்டியது. பெரிய ஸ்டேஷனில் எங்கள் ரயிலை நோக்கி நடக்கையில் பொலிஸ் நாய் ஒன்று வந்து என் முன்னால் குந்தியது. குரைக்கவில்லை. அன்போடு பார்த்தது. இந்த நாட்டில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

“மிஸ்யூ, இந்த வெயிலுக்கு ஏன் இவ்வளவு உடுப்பு?” என்று பொலிஸ்காரி கேட்டாள்.

இருந்த கொஞ்சப் பிரெஞ்சும் வேர்வையோடு போய்விட்டது. “வக்கான்ஸ்” என்றேன். விடுமுறையாம்! வெங்காயம் உரிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கழற்றவைத்தார்கள். கருவாடு மேசைக்கு வந்தது. பாக்கைத் திறந்தால் பெயர் ஒட்டாத பைகளில் ஒரு மண்ணிறத் தூள், ஒரு வெள்ளைத் தூள். நான் இரண்டு கையையும் தூக்கினேன். (யாரும் தூக்கச் சொல்லவில்லை.)

சுகந்தி நேரப் பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாயின் பார்வையில் இருந்த அன்பு அதில் இல்லை.

அபிதான் பிள்ளைப்பேறு, பத்தியம் என்று பிரெஞ்சில் மூச்சுவிடாமல் விளக்கினாள். பொலிஸ்காரி சரக்குத்தூளைக் கிட்டப் பிடித்து மணந்தாள். தும்மினாள். திரும்பவும் தும்மினாள். நாயும் தும்மியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் ரிக்கெற்றைப் பார்த்தவள், “ஓடுங்கோ!” என்று கத்தினாள்.

ஓடினோம். ஜக்கெற்றையும் சேட்டுகளையும் தோளில் அள்ளிப்போட்டுக்கொண்டு நான் ஓட, சுகந்தி என் கையைப் பிடித்து ரயிலுக்குள் இழுக்க, கதவு மூடியது. கருவாடு மேசையிலேயே கிடந்தது.

நீஸில் இறங்கினால் பார்சல் வாங்க வந்தவர்கள் மூன்று பேரும் வரிசையாக நிற்கிறார்கள்.

“அண்ணை, கருவாடு?” என்றார் மச்சான்.

“அது பொலிஸிலை நிக்குது” என்றாள் சுகந்தி. “முதல் கடல். மிச்சக் கதை பிறகு.” நேரே நடந்தாள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். செருப்பை என் கையில் தந்துவிட்டுக் கூழாங்கல்லில் தத்தித்தத்திப் போய்த் தண்ணீரில் நின்றாள். “ஐயோ, குளிருது!” என்று சிரித்தாள். அந்த ஜக்கெற்றை நீட்டினேன். கருவாட்டு மணம் இன்னும் போகவில்லை. அவள் வாங்கவில்லை.

இப்போது ஒவ்வொரு கோடையும் போகிறோம். லா சப்பலில் யாரும் என்னிடம் பார்சல் தருவதில்லை. ஸ்டேஷனில் நாயைக் கண்டால் சுகந்தி என்னை முன்னால் தள்ளிவிடுவாள். “போங்கோ, உங்கடை சிநேகிதன் வந்து நிக்கிறான்.”

நாய் என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விடும். கொஞ்சம் மனவருத்தம்தான்.